மாட்டு நைட்ரஜனில் ஓடிய போர்டு

பெட்டி சென்னையிலிருந்து கூரியரில் வந்தபோது இர்பான் அதைக் கடையில் வைத்துப் பிரிக்கவில்லை. அருப்புக்கோட்டை பந்தல்குடி ரோட்டில் கீழே கடை, மேலே வீடு. கடையில் எதைப் பிரித்தாலும், பிரின்டருக்கு மை ஊற்ற வந்தவர்கூட எட்டிப் பார்த்து, "என்ன பாய், வெல எவ்வளவு இருக்கும்?" என்பார். சொன்னால் நெஞ்சைப் பிடித்துக்கொள்வார். அதனால் பெட்டியை நேரே மாடி அறைக்குத் தூக்கிக்கொண்டு போனான்.

உள்ளே இருந்தது ஒரு மதர்போர்டு. கம்ப்யூட்டரின் மற்ற உறுப்புகளெல்லாம் வந்து உட்காரும் பலகை. ஆனால் இது வீட்டுக்கோ ஆபீசுக்கோ செய்ததில்லை. கம்பெனி விதித்த வேகத்தை மீறி ப்ராசஸரை விரட்டிப் பார்க்கிற ஆட்களுக்கென்றே தைவானில் செய்தது. ஓவர்கிளாக்கிங் என்பார்கள். சாதாரண போர்டில் மெமரிக்கு நான்கு இடம் இருக்கும். இதில் இரண்டே இரண்டு. இடம் குறைந்தால் வேகத்தைக் கூட்டலாம் என்ற கணக்கு. ஓரத்தில் வோல்டேஜ் அளப்பதற்கான புள்ளிகள், கோளாறை எண்ணாகக் காட்டும் குட்டித் திரை, போர்டை எழுப்பிவிடுகிற பயாஸ் சிப்பு, ஒன்று கெட்டால் மாற்றிக்கொள்ள இன்னொன்று என இரண்டு. இவற்றுக்கு நடுவே நகக்கண் அளவில் ஒரு ஸ்விட்ச். திரவ நைட்ரஜனை ஊற்றிக் குளிரவைத்து ஓட்டும்போது தள்ளிவிட வேண்டிய ஸ்விட்ச் அது.

இர்பான் அதை விரலால் தடவிப் பார்த்துக்கொண்டே இருந்தான். அவன் மனைவி நர்கிஸ் கேமராவைத் தாழ்த்தினாள்.

"படம் எடுக்கவா, இல்ல உங்க ரெண்டு பேரையும் தனியா விட்டுட்டுப் போகவா?"

"எடு, எடு" என்று சிரித்தான்.

ஷார்ஜாவில் கம்ப்யூட்டர் மார்க்கெட்டில் வேலை பார்த்தபோது, ஒரு மால் நடுவில் மேடை போட்டு நாலு பேர் நைட்ரஜன் ஊற்றி ஓட்டியதை அவன் பார்த்திருக்கிறான். கறிக்கடைக்காரர் மாதிரி ஏப்ரன் கட்டிக்கொண்டு, வெள்ளைப் புகைக்குள் நின்றார்கள். அன்றிலிருந்து ஆசை. ஊருக்குத் திரும்பிக் கடை போட்டு, சேலை டிசைன் போடுகிறவர்களின் கம்ப்யூட்டரையும் தெருவுக்குத் தெரு சிசிடிவியையும் பழுது பார்த்துக்கொண்டிருந்தாலும், யூடியூபில் தமிழில் ஒரு சேனல் நடத்திவந்தான். பொருளைக் கையில் வாங்கி, பல நாள் ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் பேசுவான். அதனால்தான் சென்னை விநியோகஸ்தர் ஆபீசிலிருந்து கோகுல் கூப்பிட்டான். போர்டும் அதற்கேற்ற ப்ராசஸரும் இரவலாக வரும், பார்த்துவிட்டுத் திருப்பி அனுப்ப வேண்டும்.

"பெங்களூர்ல மூணு பேர் ஏற்கெனவே பண்ணிட்டாங்க பாய். நீங்க ரொம்ப மெனக்கெட வேணாம். பெட்டியப் பிரிங்க, பவரா இருக்குன்னு சொல்லுங்க, போதும்."

"ஓட்டிப் பாக்காம எப்பிடி தம்பி சொல்றது?" என்றான் இர்பான்.

அக்னி நட்சத்திரம் தொடங்கியிருந்தது. மாடி அறையில் ஏசி உண்டு, வேண்டுமென்றே போடவில்லை. நம் ஆட்கள் எந்தச் சூட்டில் வைத்து ஓட்டுவார்களோ அந்தச் சூட்டில்தான் பார்க்க வேண்டும் என்பது அவன் கட்சி. சுவரே அடுப்பாகக் கொதிக்கும் மத்தியான நேரத்தில், ப்ராசஸருக்கு முடிந்தமட்டும் வேலையைக் கொடுத்து ஓடவிட்டான். மின்சாரத்தைச் சீராக்கித் தருகிற பகுதியின் மேலே கனத்த அலுமினியக் கட்டி இருந்தது. அதைத் தொட்டால் கை பொறுக்கிற சூடுதான். வேகம் ஒரு சொட்டும் இறங்கவில்லை. நர்கிஸ் துப்பட்டாவால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "போர்டு தாங்கிருச்சு, நான்தான் தாங்கல" என்று கேமராவை வைத்துவிட்டுக் கீழே போய்விட்டாள்.

குறை வேறு இடத்தில் இருந்தது. அன்று சாயங்காலம் கரண்ட் போனது. வந்ததும் போர்டு எழுந்துகொள்ளவில்லை. குட்டித் திரையில் எண்கள் ஓடி ஓடி ஒரே எண்ணில் நின்றன. இர்பான் டீ குடித்துவிட்டு வந்தும் அப்படியே நின்றது. கடைசியில் எழுந்தபோது, அவன் மெமரிக்குப் பார்த்துப் பார்த்து வைத்திருந்த அமைப்பு எல்லாம் மறந்து, பிறந்த மேனியாக இருந்தது. மறுநாள் மெயின் ஸ்விட்சை அவனே பல தடவை அமர்த்திப் பார்த்தான். ஒரு தடவை ஒழுங்காக எழும், இரண்டு தடவை மறக்கும். கோகுல் பயாஸின் புதுப் பதிப்பு ஒன்றை அனுப்பினான். அதைப் போட்டும் அதே கதை.

"யாரு பாய் இதைப் பிடிச்சுக் கரண்ட் போற எடத்துல வைப்பாங்க? இது ரெக்கார்டு போடற போர்டு" என்றான் கோகுல்.

"அப்ப ரெக்கார்டு போட்டுப் பாப்போம்" என்றான் இர்பான்.

சொல்லிவிட்டானே தவிர, நைட்ரஜனுக்கு எங்கே போவது? மதுரையில் இரண்டு இடத்தில் கேட்டான். ஆஸ்பத்திரியா, பாக்டரியா என்று கேட்டு, கம்ப்யூட்டருக்கு என்றதும் போனை வைத்துவிட்டார்கள். இந்த நிலையில்தான் ரூபன் கடைக்கு வந்தான். ரூபனும் இர்பானும் பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சு. ரூபனுக்கு எம்.ரெட்டியபட்டி. மாடுகளுக்குச் சினை ஊசி போடுவது தொழில். சர்க்கார் ஆள் இல்லை, சொந்தமாகச் செய்கிறான். போன் சார்ஜர் வாங்க வந்தவனின் பைக்கில், பால் கேன் மாதிரி ஒன்றைக் கயிறு போட்டுக் கட்டியிருந்தது. மூடி இடுக்கில் லேசாகப் புகை.

இர்பான் கடையை விட்டு இறங்கி வந்து பார்த்தான். "ஏலே, இதுக்குள்ள என்னடா?"

"நாலஞ்சு காள மாடு."

"வெளையாடாத."

"நெசமாத்தான்டா. காளையோட வித்து குச்சி குச்சியா உள்ள இருக்கு. நைட்ரஜன்ல போட்டு வச்சா வருசக்கணக்கா கெடாது. வீட்ல பெரிய கேன் இருக்கு. இது ஊருக்குள்ள எடுத்துட்டுப் போறதுக்கு."

இர்பான் அவன் கையைப் பிடித்து மாடிக்கு இழுத்துப் போனான். போர்டைக் காட்டினான், அந்தச் சின்ன ஸ்விட்சைக் காட்டினான், ஷார்ஜா கதையைச் சொன்னான். ரூபன் பாதியைப் புரிந்துகொண்டான். மீதிக்கு இர்பானின் முகமே போதுமாயிருந்தது.

"அடுத்த வாரம் வியாழக்கெழம மதுரையில இருந்து நைட்ரஜன் லாரி வந்துரும். அதுக்குள்ள கொஞ்சம் கொறஞ்சாப் பரவாயில்ல. ஞாயித்துக்கெழம கோயில் முடிஞ்சு கேனோட வாரேன்" என்றான்.

நைட்ரஜனை ஊற்ற ப்ராசஸரின் மேல் ஒரு செம்புக் குவளை உட்கார வேண்டும். தறிச் சாமான் செய்கிற வீரபத்திரன் பட்டறையில், இர்பான் காட்டிய படத்தைப் பார்த்து அப்படியே கடைந்து கொடுத்தார்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் போர்டு முழுக்க வாசலினைத் தடவினான். குளிரில் காற்றின் ஈரம் படிந்து தண்ணீராகிப் போர்டைச் சுட்டுவிடாமல் இருக்க அதுதான் காப்பு. பிள்ளைக்கு எண்ணெய் தேய்ப்பது போல மூலை முடுக்கெல்லாம் அவன் தேய்ப்பதை நர்கிஸ் படம் எடுத்தாள்.

ரூபன் வெள்ளைச் சட்டையோடு, கோயிலுக்குப் போன கோலத்திலேயே, பெரிய கேனை லோடு ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்தான். படியில் இருவரும் மூச்சு வாங்கத் தூக்கினார்கள். வந்ததும் ரூபன் முதல் காரியமாகக் கதவு ஜன்னலையெல்லாம் திறந்தான். "இந்தப் புகை ரூமை அடைச்சா நமக்கு மூச்சுக் காத்து இருக்காது" என்றான். கையுறையை மாட்டிக்கொண்டு, குச்சிகள் இருந்த கூடைகளைத் தொடாமல், பிளாஸ்க்கில் ஊற்றிக் கொடுத்தான்.

முதல் மடக்கு செம்பில் விழுந்ததும் சீறிக்கொண்டு பொங்கியது. வெள்ளைப் புகை மேசையிலிருந்து வழிந்து அவர்கள் காலைச் சுற்றியது. வெளியே தார் ரோடு உருகும் வெயில். உள்ளே செம்பின் மேல் பனி பூத்தது. இர்பான் ஸ்விட்சைத் தள்ளினான். குட்டித் திரையில் எண்கள் ஓடின, நின்றன, ஓடின. விண்டோஸ் வந்தது.

ஆறாயிரம் மெகாஹெர்ட்ஸைச் சிரமமில்லாமல் தாண்டியது. இர்பான் கொஞ்சம் கொஞ்சமாக வோல்டேஜைக் கூட்டினான், ரூபன் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினான். ஆறாயிரத்து ஐநூறு. அதற்கு மேல் போனதும் ஒரு தடவை நின்றுபோனது. போர்டின் ஓரத்தில் இருந்த பொத்தானை அமுக்கியதும் மறுபடி எழுந்தது. மெமரியை மறக்கவில்லை, முரண்டு பிடிக்கவில்லை. இந்த வேலைக்கென்றே பிறந்ததல்லவா, பிறந்த வீட்டுக்கு வந்த பெண் மாதிரி இருந்தது.

"போதும்டா, பாத்தாச்சு" என்று சொன்னது இர்பான்தான். ஆனால் ரூபனுக்கு உற்சாகம் தலைக்கேறியிருந்தது.

"ஏழாயிரத்துக்கு இன்னும் எவ்வளவு?"

"கிட்டத்துலதான்."

"அப்பறம் என்னடா? ஊத்துறேன், நீ ஏத்து!"

இர்பான் மறுத்திருக்கலாம். மறுக்கவில்லை. பிளாஸ்க் போனது, வந்தது. எத்தனை தடவை என்று இருவரும் பார்க்கவில்லை. திரையில் ஏழாயிரத்து இருபது என்று வந்தபோது ரூபன் "அல்லேலூயா!" என்று கத்தினான். நர்கிஸ் கேமராவை ஆட்டிவிட்டாள். சில நொடிகள் நின்று, திரை கறுத்தது. போர்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. குளிர் குறைந்துவிட்டது, அவ்வளவுதான்.

ரூபன் ஒரு மரக்குச்சியைக் கேனுக்குள் விட்டு எடுத்தான். நைட்ரஜன் எவ்வளவு ஆழம் இருக்கிறதோ அந்த மட்டத்துக்குக் குச்சியில் பனி படியும். பனிக்கோடு பாதிக்கும் கீழே இருந்தது. ஒரு கணம் குச்சியையே பார்த்தான். பிறகு, "வியாழக்கெழம வரைக்கும் தாராளமாத் தாங்கும்" என்றான்.

செவ்வாய்க்கிழமை லாரிக்காரர் போன் செய்து, ஆலையில் ரிப்பேர், வர பத்து நாளாகும் என்று சொல்லிவிட்டார். இதை ரூபன் இர்பானிடம் சொல்லவில்லை. பழைய கேன்; மூடி வழியே ஆவியாகிக்கொண்டே இருந்தது. வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகை முடிந்து இர்பான் வேறு ஏதோ கேட்கப் போன் செய்தபோது, ரூபனின் குரல் சரியில்லை. தோண்டித் துருவிக் கேட்டபின்தான் சொன்னான்.

"குச்சில மூணு வெரல் அளவு கூட பனி இல்லடா. ஞாயிறு தாண்டாது."

"ஏன்டா சொல்லல?"

"சொல்லி? நீ என்ன, வாயால ஊதிக் குளிர வைப்பியா? ஊத்துனது நான்தான."

இர்பான் கடையை நர்கிஸிடம் விட்டுவிட்டு பைக்கில் ரெட்டியபட்டிக்குப் போனான். கேனில் இருந்தது ஒன்றிரண்டு குச்சி இல்லை. ஒரு வருசத்துக்கான கையிருப்பு. அது போனால் தொழிலே நின்றுவிடும்.

"வேற யார்கிட்டயும் கேன் இல்லையா?" என்று கேட்டான்.

ரூபன் முதலில் இல்லை என்றான். அப்புறம், "காரியாபட்டில ஒருத்தவுக இருக்காக. அங்க நான் போகமாட்டேன்" என்றான்.

சவுந்தரம் அக்காவைப் பற்றித்தான் சொன்னான். அவளும் சினை ஊசி போடுகிறவள். ரூபன் மூன்று தடவை போட்டும் நிற்காத ஒரு மாட்டுக்கு அவள் ஒரே தடவை போட்டு நின்றுவிட்டது. டீக்கடையில் நாலு பேர் முன்னால், "கை பதம் இல்லாதவனெல்லாம் ஊசியத் தூக்கிட்டு வந்துர்றான்" என்று சொல்லிவிட்டாள். அதிலிருந்து பேச்சுவார்த்தை இல்லை.

இர்பான் தனியாகவே பைக்கைக் காரியாபட்டிக்கு விட்டான். சவுந்தரம் அக்கா ஐம்பதைத் தொட்டவள், மொபெட்டைக் கழுவிக்கொண்டிருந்தாள். இர்பான் ஒன்றையும் மறைக்கவில்லை. போர்டைச் சொன்னான், ஏழாயிரத்தைச் சொன்னான், லாரி வராததைச் சொன்னான். அவள் குழாயை மூடிவிட்டு அவனை ஏற இறங்கப் பார்த்தாள்.

"கம்ப்யூட்டருக்கா ஊத்துனீக?"

"ஆமாக்கா."

"எதுக்கு?"

"எவ்வளவு வேகம் போகுதுன்னு பாக்க."

"பாத்து?"

"போச்சுக்கா" என்றான் இர்பான். "ஏழாயிரம் போச்சு."

அவள் சிரிப்பை அடக்கியது கன்னத்தில் தெரிந்தது. "எங் கேன்ல எடம் இருக்கு. போன வாரந்தான் வேற லாரில ரொப்புனேன். ஆனா கேக்க வேண்டியது நீங்க இல்ல. அவன் வந்து கேக்கட்டும்."

ரூபனைக் கிளப்புவதுதான் பெரும்பாடாக இருந்தது. "அத்தனையும் வெந்து போனாலும் போவுது, அவ வாசல்ல நிக்கமாட்டேன்" என்றான். இர்பான் கெஞ்சவில்லை. லோடு ஆட்டோவை வரச் சொல்லி, கேனை அவனே தனியாகத் தூக்கப் பார்த்தான். கேன் சாய்ந்தது. ரூபன் பதறி ஓடிவந்து பிடித்தான். பிடித்த கையோடு வண்டியிலும் ஏறிவிட்டான். காரியாபட்டி வரைக்கும் கேனைக் கட்டிப் பிடித்தபடியே வந்தான். ரோட்டின் இரண்டு பக்கமும் சீமைக்கருவேலமும் வெடித்த கரிசலும் போய்க்கொண்டே இருந்தன.

வாசலில் இறங்கி நின்று, தரையைப் பார்த்து, "அக்கா, கொஞ்சம் எடம் குடுங்க" என்றான்.

"வா" என்றாள் அவள். மரக்குச்சியை அவன் கேனுக்குள் விட்டுப் பார்த்து, "ரெண்டு நாள் கழிச்சு வந்திருந்தா அவியலாத்தான் எடுத்திருப்போம்" என்றாள். இருவரும் கையுறை போட்டு, இரண்டு கேனையும் வாயோடு வாய் ஒட்டி வைத்து, கூடைகளை ஒவ்வொன்றாகக் கண் இமைக்கும் நேரத்தில் மாற்றினார்கள். ஒருவர் கை எங்கே போகும் என்று மற்றவருக்குத் தெரிந்திருந்தது. இர்பான் சுவர் ஓரமாக நின்றான்.

கிளம்பும்போது அவள் இர்பானைத் தனியாகக் கூப்பிட்டாள். "இத படம் எடுத்தீகளாமே. வெளிய விட்றாதீக தம்பி. மாட்டுக்காரவுக காதுல விழுந்தா, ஊசி நிக்காத ஒவ்வொரு மாட்டுக்கும் இதையே சொல்லுவாக. அது அவன் கேன் மட்டுந்தான்னு பாக்கமாட்டாக, என்னையும் சேத்துத்தான் சொல்லுவாக."

வீட்டுக்கு வந்து நர்கிஸிடம் சொன்னான். வீடியோவைக் கோத்து முடிப்பது அவள் வேலை. நைட்ரஜன் ஊற்றிய காட்சியை இருவரும் மறுபடி போட்டுப் பார்த்தார்கள். சேனலில் இதுவரை போட்டதிலேயே அதுதான் அழகாக வந்திருந்தது. ஆனால் எந்தக் கோணத்திலும் கேன் தெரிந்தது, இல்லாவிட்டால் ரூபன் தெரிந்தான்.

"வெறும் நம்பரை மட்டும் வாயால சொல்லிறலாமே" என்றாள் நர்கிஸ்.

"காட்டாம சொன்னா எவன் நம்புவான்? எங்கேருந்து நைட்ரஜன் வந்துச்சுன்னு கேப்பான். வெட்டிரு, எல்லாத்தையும்."

அவள் ஒரு தடவைக்கு இரண்டு தடவை கேட்டுவிட்டு வெட்டினாள்.

வீடியோ வெளியானது. நாற்பது டிகிரி வெயிலில் போர்டு அசையாமல் நின்றதும், கரண்ட் போய் வந்தால் மறந்துபோவதும்தான் அதில் இருந்தன. ஆயிரம் தடவை பார்த்துப் பார்த்துச் செய்த போர்டு, ஆனால் கரண்ட் போகாத ஊர்க்காரர்கள் வாங்கலாம் என்று முடித்திருந்தான். கோகுல் உடனே கூப்பிட்டான்.

"ரேஸ் குதிரைய வண்டில பூட்டிப் பாத்துட்டு, இழுக்கலைன்னு சொல்ற மாதிரி இருக்கு பாய். நைட்ரஜன் இல்லாம இந்த போர்டுக்கு ரிவ்யூவே கிடையாது."

அவன் சொன்னதில் நியாயம் இருந்தது. இர்பானுக்கு உண்மை நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கிக்கொண்டு, "எங்க ஊர்ல நைட்ரஜன் கெடைக்கலப்பா" என்றான். பொய்தான். போனை வைத்த பிறகும் அது உறுத்திக்கொண்டிருந்தது. அடுத்த பொருள் அனுப்புகிறோம் என்ற பேச்சைக் கோகுல் எடுக்கவே இல்லை. போர்டின் இண்டு இடுக்கிலிருந்து வாசலினைச் சுரண்டி எடுத்துக் கட்டி அனுப்ப இர்பானுக்கு இரண்டு நாள் பிடித்தது.

ரூபனுக்கு வேறு கோபம். "ஏலே, என் தலை ஒரு எடத்துல கூட வரலியே. சொந்தக்காரனுக்கெல்லாம் பாக்கச் சொல்லி அனுப்பிட்டேன்டா!" என்று வந்து நின்றான். சவுந்தரம் அக்கா சொன்னதை இர்பான் சொன்னான். ரூபன் கடைப்படியில் உட்கார்ந்தான். "என்னையும் சேத்துன்னா சொன்னாக?" என்று மட்டும் கேட்டான்.

லாரி கடைசியில் வந்தது. ரூபன் கேனை நிரப்பிக்கொண்டு குச்சிகளைத் திரும்ப எடுக்கக் காரியாபட்டிக்குக் கிளம்பினான். இர்பானும் கூடப் போனான். கூடைகள் மாறி முடிந்த பிறகும் ரூபன் வெளியே வரவில்லை. முன்பு ரூபன் ஊசி போட்டு நிற்காத ரெட்டியபட்டி வெள்ளைத்தாயின் மாடு பருவத்துக்கு வந்தது காலையிலா சாயங்காலமா, ஊசியை எப்போது போட்டிருக்க வேண்டும் என்று உள்ளே இருவருக்கும் பலத்த சண்டை.

"நீ அவசரப்பட்டுப் போட்டா எப்பிடிடா நிக்கும்?"

"நான் பாத்தேன்க்கா, நீங்க பாத்தீகளா?"

லோடு ஆட்டோக்காரர் ஹாரனை அடித்தார். உள்ளே யாருக்கும் காதில் விழவில்லை. இர்பான் இறங்கி எதிர்க் கடைக்குப் போய், தனக்கும் அவருக்குமாக இரண்டு டீ சொன்னான்.